நான் போர்டில் எழுதிப்போட்ட வரி

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு ஆடி மாதம். தி.நகரில் பனகல் பார்க்கிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு பாத்திரக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்த பயிற்சி மையத்தில் நடந்தது இது. ஜன்னலைத் திறந்தால் ஆடித் தள்ளுபடி ஒலிபெருக்கி காதைப் பிளக்கும். மூடினால் புழுக்கம் ஆளைக் கொல்லும். நாங்கள் புழுக்கமே மேல் என்று முடிவு செய்திருந்தோம்.

வார நாட்களில் எனக்கு ஈக்காட்டுத்தாங்கலில் ஒரு அலுவலகத்தில், மற்றவர்கள் எழுதிய ஆங்கில அறிக்கைகளைத் திருத்துகிற வேலை. சனிக்கிழமைகளில் இந்த மையத்தில் வகுப்பு எடுப்பேன். வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்கள் எழுத வேண்டிய உயர்நிலை ஆங்கிலத் தேர்வு ஒன்று இருக்கிறதல்லவா, அதில் கட்டுரை என்று ஒரு பகுதி வரும். பேச்சில் தேறிவிடுவார்கள், படிப்பதில் தேறிவிடுவார்கள், கட்டுரையில் வந்து குப்புற விழுவார்கள். ஒரு தலைப்பு கொடுப்பார்கள். நாற்பது நிமிஷத்தில் இரண்டு பக்க நியாயத்தையும் சொல்லி, ஒரு முடிவுக்கு வர வேண்டும். அதுவும் கோட்டு சூட்டு போட்ட ஆங்கிலத்தில். கட்டுரையில் 'நான்' வரக் கூடாது, சொந்தக் கதை வரக் கூடாது, உணர்ச்சிவசப்படக் கூடாது என்பது என் வகுப்பில் நான் போட்டிருந்த சட்டம்.

எனக்கு அப்போது முப்பத்துநாலு வயது. சாந்தோமில் கான்வென்ட் படிப்பு, வீட்டில் ஆங்கிலப் பேப்பர், என்று வளர்ந்தவள். என் ஆங்கிலத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்ன கொஞ்சம், நிறையவே உண்டு.

என் வகுப்புக்குக் கூட்டம் சேர்ந்ததற்குக் காரணம் என் இலக்கண அறிவு இல்லை. 'இந்த வார முத்துக்கள்' என்று நான் நடத்திய ஒரு கூத்துதான். மாணவர்கள் வியாழக்கிழமைக்குள் கட்டுரையை மையத்தில் கொடுத்துவிட வேண்டும். வெள்ளி சாயங்காலம் நான் அந்தக் கட்டுரைக் கட்டை வாங்கிக்கொண்டு மயிலாப்பூர் பஸ்ஸில் ஏறுவேன். ஒழுங்காக உட்கார்ந்து திருத்துவதற்கு எனக்கு ஒரு வாரம், சில சமயம் இரண்டு வாரம்கூட ஆகும். ஆனால் பஸ்ஸிலேயே வேகமாகப் புரட்டி, தமிழில் நினைத்து ஆங்கிலத்தில் எழுதின வேடிக்கையான வாக்கியங்களை மட்டும் பொறுக்கிக்கொள்வேன். அடுத்த நாள் வகுப்பு தொடங்கியதும் அவற்றை போர்டில் எழுதிப்போட்டுக் கலாய்ப்பேன். யார் எழுதியது என்று மட்டும் சொல்லவே மாட்டேன். பெயர் சொல்லாததால் யாருக்கும் மனசு நோகாது என்பது என் கட்சி.

மாணவர்கள் என்றால் சின்னப் பிள்ளைகள் இல்லை. எல்லோரும் வேலை பார்க்கிறவர்கள். இரண்டாவது வரிசையில் ஜன்னல் ஓரமாக ஒருவர் உட்காருவார். என்னைவிட எட்டு, பத்து வயது மூத்தவர். ராயப்பேட்டைக்காரர். வீட்டில் உருது, வெளியில் சென்னைத் தமிழ். அடையாறில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஸ்டாஃப் நர்ஸ். யூனிஃபார்ம் மேலேயே புர்காவை மாட்டிக்கொண்டு, டியூட்டியிலிருந்து நேராக வகுப்புக்கு ஓடி வருவார். வெளிநாட்டு ஆஸ்பத்திரி ஒன்று அவருக்கு வேலை தருவதாக எழுதியிருந்தது. தன் இரண்டு பெண்களையும் கூடவே கூட்டிக்கொண்டு போய் அங்கே படிக்கவைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. இடையில் நின்றது இந்தக் கட்டுரைதான். இரண்டு தடவை எழுதி, இரண்டு தடவையும் அரை மதிப்பெண்ணில் போயிற்று. இந்தத் தடவையும் தவறினால் இனிமேல் காத்திருக்க முடியாது என்று அந்த ஆஸ்பத்திரி கறாராகச் சொல்லிவிட்டது. மூன்றாவது தேர்வுக்கு அவர் பணம் கட்டி, தேதியும் வாங்கியாகிவிட்டது. இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது.

அந்த வாரம் நான் கொடுத்திருந்த தலைப்பு, ஆஸ்பத்திரியில் நோயாளிகளைப் பார்க்க வருகிறவர்களுக்கு நேரக் கட்டுப்பாடு தேவையா என்பது. சனிக்கிழமை போர்டில் மூன்று முத்துக்கள் எழுதினேன். ஒருவர் ஃபேனைத் 'திறந்து' வைத்திருந்தார். இன்னொருவர் காய்ச்சல் வந்ததால் டாக்டரிடம் 'உடம்பைக் காட்டி'யிருந்தார். மூன்றாவது வாக்கியம் இது: 'மை மதர் வென்ட் இன் மை லேப்.'

எழுதிவிட்டுத் திரும்பி, "எங்கே போனாங்க?" என்று கேட்டேன்.

வகுப்பு குபீர் என்று சிரித்தது. பின் வரிசை கம்ப்யூட்டர்காரர் ஒருவர், "மடியிலேர்ந்து ஆட்டோ புடிச்சுப் போய்ட்டாங்களா மிஸ்?" என்றார். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு.

நான் அதோடு விட்டேனா? எனக்குத்தான் மேடை கிடைத்துவிட்டதே. "இங்கிலீஷ்காரன் இதைப் படிச்சா எப்படிப் புரிஞ்சுப்பான் தெரியுமா? கைக்குழந்தை நம்ம மடியில 'போயிடுச்சு'ன்னா நாம என்ன பண்ணுவோம்? எழுந்து போய் துணி மாத்துவோம். இங்கே பாவம், அம்மாவே போயிருக்காங்க!" என்றேன்.

ஒருவர் பெஞ்சைத் தட்டித் தட்டிச் சிரித்தார். நான் இரண்டாவது வரிசையைப் பார்த்தேன். நர்ஸம்மாவும் சிரித்துக்கொண்டிருந்தார். துப்பட்டா நுனியால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார். எப்போதும் களைப்பாகவே இருக்கிறவரைக்கூட இப்படிச் சிரிக்க வைத்துவிட்டோமே என்று எனக்கு உள்ளூரப் பெருமை.

அடுத்த சனிக்கிழமை அவர் வரவில்லை. வாட்ஸ்அப்பில் கேட்டேன். "டியூட்டி மிஸ்" என்று பதில் வந்தது. அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கேட்டதற்குப் பதிலும் வரவில்லை. தேர்வுக்கு ஒரு மாதமே இருக்கிற நேரத்தில் இப்படி அலட்சியமாக இருக்கிறாரே என்று எனக்குக் கோபம்கூட வந்தது. அதை நினைத்தால் இப்போதும் வெட்கமாக இருக்கிறது.

அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. குளத்துப் பக்கம் காய் வாங்கப் போயிருந்த என் அம்மா மூச்சு வாங்க உள்ளே வந்தாள். "மூணாவது மாடி மாமா போயிட்டார்டி. கார்த்தால காபி குடிச்சிண்டே இருந்தாராம். பொண்ணு பெங்களூர்லேர்ந்து வந்துண்டிருக்காளாம்" என்றாள்.

"ஐயோ! எப்போம்மா?" என்றேன்.

அந்தக் கேள்வி வாயிலிருந்து வெளியே வந்த அடுத்த நொடி எனக்கு உறைத்தது. எப்போ என்றுதான் கேட்டேன். எங்கே போனார் என்று நான் கேட்கவில்லை. எந்தத் தமிழனும் கேட்க மாட்டான். போயிட்டார் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா? பிறந்ததிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிற வார்த்தை. அந்த போர்டு வாக்கியத்தை மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்த்தேன். என் அம்மா என் மடியிலேயே போயிட்டாங்க.

திருத்தாமல் கிடந்த கட்டுரைக் கட்டைப் பிரித்து அந்தக் கட்டுரையைத் தேடினேன். எழுத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அவருடையதுதான். முதல் தடவையாக அதை முழுவதும் படித்தேன்.

ஆங்கிலம் தட்டுத் தடுமாறித்தான் இருந்தது. ஆனால் அவர் சொல்லியிருந்தது இதுதான். என் வார்டில் நேரம் முடிந்ததும் எல்லோரையும் வெளியே அனுப்புகிறவள் நான்தான். அழுதாலும் விட மாட்டேன். அதற்காக எனக்கு நல்ல பெயர்கூட உண்டு. ஆனால் என் அம்மாவை ஒரு அரசு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தபோது, அந்த வார்டு சிஸ்டர் விதியைப் பார்க்காமல் என்னைக் கட்டில் மேலேயே உட்கார விட்டார். திரையை இழுத்துவிட்டு, நான் இருப்பதைப் பார்க்காத மாதிரி போய்விட்டார். என் அம்மா என் மடியிலேயே போயிட்டாங்க. அந்த சிஸ்டர் என்னை மாதிரி கறாராக இருந்திருந்தால் நான் அப்போது வாசலில் நின்றிருப்பேன். அதனால் நேரக் கட்டுப்பாடு வேண்டும், ஆனால் அதை எப்போது மீறலாம் என்று தெரிந்தவர்கள் கையில் அது இருக்க வேண்டும்.

கட்டுரை என்றால் இதுதான் கட்டுரை. என் சட்டத்தை மீறி 'நான்' வந்திருந்தாலும், இரண்டு பக்க நியாயமும் இருந்தது, முடிவும் இருந்தது. வருஷக்கணக்கில் நான் போர்டில் கத்திக் கத்திச் சொல்லிக்கொடுத்ததை அவர் செய்து வைத்திருந்தார். நான் அதிலிருந்து ஒரே ஒரு வரியைப் பிய்த்து எடுத்து, நாற்பது பேர் முன்னால் அவருடைய அம்மாவைத் துணி நனைத்தவளாக ஆக்கியிருந்தேன். தமிழ் தெரியாத ஒருத்தி செய்திருந்தால் ஏதோ புரியாமல் செய்தாள் என்று விடலாம். எனக்கு என்ன சாக்கு இருக்கிறது? நான் அழுததைப் பார்த்து, மூணாவது மாடி மாமாவுக்காகத்தான் இவ்வளவு அழுகிறேன் என்று அம்மா நினைத்துக்கொண்டாள்.

ஃபோன் செய்தேன். எடுக்கவில்லை. நானாக இருந்தாலும் எடுத்திருக்க மாட்டேன். மறுநாள் அரை நாள் லீவு போட்டுவிட்டு அடையாறில் அவர் வேலை செய்கிற ஆஸ்பத்திரிக்கே போய்விட்டேன். மதியம் ஒரு மணி. கேட்டில் செக்யூரிட்டி கையை நீட்டி மறித்தார்.

"இன்னாம்மா, விசிட்டர் டைம் நாலு மணிக்குத்தான் கீது. போர்டு தெர்ல?"

நோயாளியைப் பார்க்க வரவில்லை, ஒரு நர்ஸைப் பார்க்க வேண்டும் என்றேன். அதற்கும் அவர் அசையவில்லை. சிஸ்டர் ரெண்டரைக்குத்தான் வெளியே வருவார், அதுவரைக்கும் அந்த நிழலில் குந்துங்க என்று வேப்ப மரத்தைக் காட்டினார். குந்தினேன். ஒன்றரை மணி நேரம். என்ன பேசுவது என்று கோட்டு சூட்டு போட்ட வாக்கியங்களாக மனசுக்குள் தயார் செய்தேன். அவர் கேட்டைத் தாண்டி வெளியே வந்து என்னைப் பார்த்ததும் எல்லாம் மறந்துபோயிற்று.

"மன்னிச்சிடுங்க. நான் முழுசாப் படிக்காம எழுதிட்டேன்" என்று மட்டும் சொன்னேன்.

அவர் என் முகத்தை ஏற இறங்கப் பார்த்தார். அப்புறம், "வெயில்ல எத்தினி நேரமா உக்காந்துனு கீறீங்க? மூஞ்சி எல்லாம் செவந்து கீது. வாங்க, டீ சாப்ட்லாம்" என்றார். நர்ஸ் புத்தி. நான் கூனிக் குறுகிப் பின்னால் போனேன்.

பஸ் டெப்போ பக்கத்து டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தோம். அவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னதை நான் எந்த ஜென்மத்திலும் மறக்க மாட்டேன். அம்மாவை அவர் உருதுவில் 'அம்மி' என்பார்.

"நீங்க எழுதுனது கூட பரவால்ல மிஸ். உங்களுக்குத் தெரியாது. ஆனா எனக்குத் தெரியுமில்ல? தெரிஞ்சும் நானும் சேந்து சிரிச்சேன் பாருங்க. எல்லாரும் சிரிக்கிறாங்க, நான் மட்டும் சும்மா இருந்தா நாந்தான் எழுதுனேன்னு கண்டுபுடிச்சிருவாங்கன்னு, எங்க அம்மிய வெச்சு நானே சிரிச்சேன். அதான் எனக்குத் தாங்கல. வூட்டுக்குப் போய் அவங்க ஃபோட்டோ பக்கம் திரும்பவே முடில, இன்னி வரிக்கும்."

நான் அவருக்குச் செய்ததைவிட, அவரை அவருடைய அம்மாவுக்குச் செய்ய வைத்தது பெரிய பாவம். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். விலக்கவில்லை.

வரும் சனிக்கிழமை வகுப்பில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்கிறேன் என்றேன். அவர் பதறிப்போனார். "வேணா மிஸ். மறுபடியும் அம்மிய போர்டுல ஏத்தாதீங்க" என்றார். அப்போதுதான் புரிந்தது, எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்டு என் மனசு லேசாவதைத்தான் நான் யோசித்திருக்கிறேன்.

தேர்வு எழுதப் போவதில்லை என்று முடிவு செய்துவிட்டதாகச் சொன்னார். பேனாவை எடுத்தாலே அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கிறதாம். எழுதுகிற ஒவ்வொரு வரியையும், இதைப் படித்தால் சிரிப்பார்களோ என்று பார்த்துப் பார்த்து அடிக்கிறாராம். நான் கெஞ்சினேன். என்னால் ஒருவருக்குக் கட்டுரை வராமல் போனது என்றால், அந்த வகுப்பு எடுப்பதில் எனக்கு என்ன அர்த்தம் இருக்கிறது?

கொஞ்சம் யோசித்துவிட்டு, "சரி. மொதல்ல அந்த ஒரு வரிய எப்படி எழுதணும், அதச் சொல்லுங்க" என்றார்.

நான் ஆங்கிலத்தில் 'இறந்தாள்' என்பதற்கு உள்ள நேரடியான வார்த்தையைச் சொன்னேன். முகம் சுளித்தார். "எங்க அம்மிய செத்துட்டாங்கன்னு நான் ஒருதடவ கூட சொன்னதில்ல மிஸ்." 'பாஸ்ட் அவே' என்று மரியாதையான இன்னொரு வார்த்தையைச் சொன்னேன். அது டாக்டர்கள் வெளியே வந்து சொந்தக்காரர்களிடம் சொல்கிற வார்த்தை என்றார். 'எக்ஸ்பையர்ட்' என்பதை நான் சொல்வதற்கு முன்னாலேயே அவர் கையைக் காட்டி நிறுத்தினார். அது கேஸ் ஷீட்டில் எழுதுவது. அவரே எத்தனையோ பேருக்கு எழுதியிருக்கிறார். என்னிடம் இருந்த ஆங்கிலம் அவ்வளவுதான். இத்தனை வருஷம் தலையில் தூக்கிவைத்து ஆடின மொழியில், ஒரு பெண் தன் அம்மாவைப் பற்றிச் சொல்வதற்கு ஒரு வார்த்தை எடுத்துக் கொடுக்க என்னால் முடியவில்லை. போயிட்டாங்க என்பதுதான் சரியான வார்த்தை. அவர் எழுதியதுதான் சரி.

ஆனால் கேஸ் ஷீட் என்று அவர் சொன்னது என் காதில் தங்கிவிட்டது. டியூட்டி மாறும்போது நோட்டில் எப்படி எழுதுவீர்கள் என்று கேட்டேன். அவர் கடகடவென்று ஆங்கிலத்தில் ஒப்பித்தார். நோயாளிக்கு மருந்து கொடுக்கப்பட்டது. ரத்த அழுத்தம் பார்க்கப்பட்டது. உறவினர்களிடம் விவரம் தெரிவிக்கப்பட்டது. ஒரு பிழை இல்லை, ஒரு இடத்தில்கூட 'நான்' இல்லை. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தேர்வில் கேட்கிற கோட்டு சூட்டு ஆங்கிலம் இதுதானே! இருபது வருஷமாகத் தினமும் எழுதிக்கொண்டிருக்கிறார். கட்டுரை என்று ஒரு பெயரைச் சொல்லி நான்தான் அவரைப் பயமுறுத்தி வைத்திருந்தேன்.

என் நோட்டை எடுத்து அவரிடம் கொடுத்தேன். அம்மாவைப் பற்றிச் சொல்ல வந்ததை டியூட்டி நோட்டு எழுதுகிற மாதிரி எழுதச் சொன்னேன். அவர் ரொம்ப நேரம் எழுதினார். அடித்தார். மறுபடி எழுதினார். டீ மேல் ஆடை படர்ந்துவிட்டது. கடைசியில் வந்த வாக்கியத்துக்குத் தமிழில் இப்படி அர்த்தம்: கடைசி நேரத்தில் இருப்பவர்களுக்கு, அவர்களுடைய குடும்பத்தார் அருகில் இருப்பது மறுக்கப்படக் கூடாது.

நான் ஒரு எழுத்தைக்கூடத் திருத்தவில்லை. திருத்த ஒன்றும் இல்லை. அவர் அதை இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்து ஒரு கேள்வி கேட்டார்.

"இதப் பாத்து யாரும் சிரிக்க முடியாதில்ல மிஸ்?"

"முடியாது" என்றேன்.

வகுப்புக்கு அவர் திரும்ப வரவில்லை. அந்த போர்டைப் பார்க்க முடியாது என்றார். அதனால் நான் அவரிடம் போனேன். டியூட்டி முடிகிற நேரத்தைப் பொறுத்து ஒரு நாள் அதே டீக்கடை, ஒரு நாள் மயிலாப்பூரில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்துப் பூங்கா பெஞ்சு என்று மூன்று வாரம் உட்கார்ந்தோம். ஒன்பது கட்டுரை எழுதினார். பிழை வந்தால் நான் சொல்வதற்கு முன்னால் என் முகத்தைப் பார்ப்பார், சிரிக்கிறேனா என்று. அந்தப் பார்வை மறையவே இரண்டு வாரம் ஆயிற்று. மூன்றாவது வாரம், தன் பிழை ஒன்றைத் தானே கண்டுபிடித்து, "யம்மா, இன்னாத்த எழுதி வெச்சிருக்கேன் பாருங்க" என்று தலையில் அடித்துக்கொண்டார். அன்றைக்கு எனக்கு நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

வகுப்பில் முத்துக்களை நிறுத்திவிட்டேன். "மிஸ், முத்து எங்கே?" என்று கேட்டார்கள். ஸ்டாக் இல்லை என்று சொல்லிச் சமாளித்தேன். இரண்டு மூன்று பேர் வகுப்பு முன்னே மாதிரி ஜாலியாக இல்லை என்று நின்றும் போனார்கள்.

தேர்வு முடிந்து, முடிவு வந்த அன்று சாயங்காலம் அவர் ஒரு டப்பாவோடு எங்கள் வீட்டு வாசலில் நின்றார். டப்பாவில் கேரட் அல்வா. "நெய், பால், சர்க்கரை, அவ்ளோதான் மிஸ், வேற எதுவும் இல்ல" என்று என் அம்மாவைப் பார்த்து முன்ஜாக்கிரதையாகச் சொன்னார். முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. அரை மதிப்பெண் இடிக்கவில்லை. தேவையானதற்கு மேலேயே அரை மதிப்பெண் வந்திருந்தது.

கட்டுரைத் தலைப்பு என்ன தெரியுமா? ஆஸ்பத்திரி இல்லை, நோயாளி இல்லை. ஊரின் நடுவில் இருக்கிற கடைத்தெருக்களில் கார்களைத் தடை செய்யலாமா என்று கேட்டிருந்தார்களாம். "தி.நகர்ல கார் விடலாமா கூடாதான்னு கேக்குறாங்க மிஸ்! பண்டிகைக்குத் துணி எடுக்கப் போய் நான் நசுங்குனத எல்லாம் 'நான்' இல்லாமலே எழுதிட்டேன்" என்றார். டீக்கடையில் அவ்வளவு பாடுபட்டு எழுதின அந்த வாக்கியம் தேர்வுக்கு உதவவே இல்லை. எங்கள் இரண்டு பேரைத் தவிர அதை இன்று வரை யாரும் படித்ததும் இல்லை.

காபி குடித்து முடித்தார். நான் திரும்பவும் மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். அவர் கேட்காதது மாதிரி, தன் அம்மாவைப் பற்றிப் பேசத் தொடங்கினார். என்னிடமும் என் அம்மாவிடமும் ஒரு மணி நேரம் பேசியிருப்பார். தி.நகர் புடவைக் கடைகளுக்கு ஃபால்ஸ் தைத்துக் கொடுத்துத் தன் பெண்களை வளர்த்தவராம். ஊசியை வாயில் கவ்விக்கொண்டே எல்லோரையும் கேலி செய்வாராம். துக்க வீட்டுக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போகவே பயமாம், எதையாவது பார்த்துச் சிரித்துவிடுவார், பக்கத்தில் உட்கார்ந்து தொடையைக் கிள்ளிக்கொண்டே இருக்க வேண்டுமாம். என் அம்மா இதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தாள்.

"அன்னிக்கு நீங்க போர்டுல எழுதுனத அம்மி பாத்திருந்தாங்கன்னா, அவங்கதான் மிஸ் மொதல்ல சிரிச்சிருப்பாங்க. அவங்களுக்கு சிரிப்ப அடக்கவே தெரியாது. அது எனக்கு ரொம்ப நாள் கழிச்சுதான் ஞாபகம் வந்துச்சு. அப்புறம்தான் ஃபோட்டோவ நேராப் பாத்தேன்" என்றார்.

இதைச் சொல்லிவிட்டு அவர் சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொள்ளாத சிரிப்பு. எனக்குத்தான் துடைத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அவரும் பெண்களும் இப்போது கடல் கடந்து இருக்கிறார்கள். ரம்ஜானுக்கும் தீபாவளிக்கும் வாழ்த்துச் சொல்லிக்கொள்கிறோம். நான் இன்னும் கட்டுரைதான் சொல்லிக்கொடுக்கிறேன். கோணல் மாணலாக ஒரு வாக்கியம் கண்ணில் பட்டால், அதை எழுதியவர் தன் வீட்டில் எப்படிச் சொல்லியிருப்பார் என்று முதலில் தமிழில் வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கிறேன். அப்படிச் சொல்லும்போதெல்லாம், நான் பார்த்தே இராத அந்த அம்மியிடம் மானசீகமாக அனுமதி கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன்.